தாப்பா மலைச்சாலையில் முள் ஏறியபோது

கடந்த பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், போனட் திறந்து ஆவி கக்கிக்கொண்டிருந்த எங்கள் காரின் முன்னால் நின்றேன். கையில் நான்காக மடித்த துண்டு. ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதுதான் என் திட்டம். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வெப்ப இயக்கவியல் பாடத்தில் ‘ஏ’ வாங்கியிருக்கிறேன். இதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

“ஜாங்கான் புக்கா!”

எதிரே பெத்தாய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாக்சிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறை. நான் பின்வாங்கினேன்.

அவர் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. எங்கள் கார் மூடியில் 0.9 என்று அச்சிட்டிருக்கிறது. வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 0.9 பார் கூடுதலான அழுத்தம் வரை அது உள்ளே தேக்கி வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 118 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால், அதில் நூறில் இரண்டு பங்கு அங்கேயே நீராவியாகிவிடும். இரண்டு பங்குதானே என்று தோன்றலாம். நீராவி, தண்ணீரைப்போல் 1,600 மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். ஆக, கிட்டத்தட்ட 150 லிட்டர் நீராவி, மிச்சமிருக்கும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்திருக்கும். மடித்த துண்டு எந்த மூலைக்கு?

இதே கணக்கைத் தேர்வில் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அங்கே கேள்வியின் முதல் வரியிலேயே ‘அழுத்தம் இவ்வளவு’ என்று கொடுத்துவிடுவார்கள்.

நாங்கள் கிள்ளானிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நான், அம்மா, பதினான்கு வயதுத் தம்பி. ரிங்லெட் பக்கத்தில் பாட்டி வீடு. மறுநாள் காலை தாத்தாவுக்கு முதலாம் ஆண்டுத் திதி. பூட்டில் பித்தளைப் பாத்திரங்களும் அரிசி மூட்டையும். அப்பா லோரி ஓட்டுநர். ஜொகூர் பயணத்தை முடித்துவிட்டு இரவு பஸ்ஸில் வந்து சேருவதாக ஏற்பாடு. அதனால் கார் என் பொறுப்பு. என்னைவிட ஐந்து வயது மூத்த கார், 1.5 லிட்டர் இன்ஜின், மெனுவல் கியர். கண்ணாடியில் என் ‘பி’ ஸ்டிக்கர்.

முதல் நாள் இரவு அப்பா ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ரேடியேட்டர் தண்ணி பார்த்தியாம்மா?”

“பார்த்துட்டேன்ப்பா.”

நான் பார்த்தது ரேடியேட்டரை அல்ல. அதன் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் புட்டியை. அதுவும் கைப்பேசி வெளிச்சத்தில். பழைய புட்டிகளின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறைக்கோடு படிந்திருக்கும். அந்தக் கோட்டைத் தண்ணீர் மட்டம் என்று நம்பிவிட்டேன். புட்டியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தாப்பா வரை ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் வந்தோம். தாப்பா டவுனில் பூவும் வெற்றிலையும் வாங்க இறங்கினோம். விடுமுறைக் கூட்டம், டவுனை விட்டு வெளியே வரவே அரை மணி நேரம் ஊர்ந்தோம். வெயில் கொளுத்தியது, ஏர்கோன் முழு வேகத்தில் ஓடியது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்குச் சற்றுக் கீழே ஆடாமல் அசையாமல் நின்றது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைத் தடச் சாலை. ரிங்லெட்டே கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு லோரி, மணிக்கு 30 கிலோமீட்டரில். இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமாக மாற்றி மாற்றி அதன் பின்னாலேயே ஏறினோம். கார் திணறியது.

“ஏர்கோனை அடைச்சிடும்மா. இனிமே மலைக் காத்துதானே” என்றார் அம்மா.

அடைத்தேன். கண்ணாடிகளை இறக்கினோம். கார் உடனே லேசானதுபோல் இருந்தது. முன் இருக்கையில் இருந்த தம்பி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சில நிமிடங்களில் முள் பாதியைத் தாண்டியது. பிறகு முக்காலைத் தொட்டது. பின்னாலிருந்து அம்மா மாமாவுக்கு அழைத்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. “முதல்ல ஏர்கோனை அடைங்க!” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதைத்தான் ஏற்கெனவே செய்துவிட்டோமே! முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கும் நீர்வீழ்ச்சி வாகன நிறுத்தம் வருவதற்கும் சரியாக இருந்தது. இன்ஜினை அணைத்தேன்.

மூடி விஷயம் முடிந்த இரண்டாவது நிமிடத்தில் பாக்சிக் இன்னொருவரையும் தடுக்க வேண்டியிருந்தது. தம்பி நீர்வீழ்ச்சிக்கு ஓடி, ஒரு வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரோடு வந்து, இன்ஜின் மேல் ஊற்றத் தயாராக நின்றான். நெருப்பென்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவன் கணக்கு. எங்கள் காரைப்போன்ற பழைய இன்ஜின்கள் பலவற்றில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானாலே தலை வளைந்து, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கட் கிழியலாம். கொதிக்கும் உலோகத்தில் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் விரிசலே விழலாம். தலையைக் கழற்றி அந்த வேலையைச் செய்ய ஆகும் செலவு, எங்கள் கார் இன்று விற்கும் விலையை நெருங்கிவிடும். வீட்டில் வேறு கார் இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் பூட்டில் இருந்த பாத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் எனக்குத் தாங்கவில்லை.

“முக்கால் மணி நேரம். தொடாதே” என்றார் பாக்சிக். பல ஆண்டுகள் கேமரனிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவராம். நாங்கள் கடை நிழலில் உட்கார்ந்தோம். நான் கைப்பேசியில் தேடிச் சேமித்து வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன். ‘இன்ஜின் சூடானால் ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள்’ என்பது எல்லாக் குறிப்புகளிலும் முதல் ஆலோசனை. குளிர்நாடுகளுக்கு நல்ல ஆலோசனைதான். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் விற்ற பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. எங்கள் காரிலும் இல்லை.

கார் சூடாவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அவற்றைப் பிரித்தறிய உதவுவது, எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதே. நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாகப் போனால் இறங்கினால் விசிறி மேல் சந்தேகம். ஓட்டத்தில் கிடைக்கும் காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நெரிசலில் ஒழுங்காக இருந்து, நீண்ட ஏற்றத்திலோ வேகத்திலோ ஏறினால் ரேடியேட்டருக்குள் துருவும் சேறும் அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் குறைந்திருக்கலாம். காரைக் கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அப்போது ரேடியேட்டரின் மேல் குழாய் கொதிக்கும், கீழ்க் குழாய் குளிர்ந்தே இருக்கும். எங்கும் ஒழுகாமலே தண்ணீர் குறைந்து, புகை வெள்ளையாக வந்து, எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அது கேஸ்கட்.

எங்கள் கார் நெரிசலில் நன்றாக இருந்தது, ஏற்றத்தில் கொதித்தது. ஆகவே ரேடியேட்டர் அடைப்பு. பாக்சிக்கிடம் மலாயில் என் தீர்ப்பைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் தலையாட்டிவிட்டு, “ஏற்றம் எங்கே தொடங்கியது? சூடு எங்கே தொடங்கியது?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது. “ஏத்தம் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் முள்ளு கீழேதான் இருந்துச்சு. அக்கா ஏர்கோனை அடைச்ச அப்புறம்தான் ஏறிச்சு.” ஏர்கோனை அடைத்த கோபத்தில் வழிநெடுக அவன் அந்தப் பொத்தானையே முறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பொத்தானுக்கு மேலேதான் மீட்டர்.

அவன் அதை ஒரு புகாராகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு ஏதோ தட்டியது. அதே மலை, அதே லோரி, அதே 30 கிலோமீட்டர் வேகம். ஏர்கோன் ஓடியபோது இன்ஜினுக்குச் சுமை அதிகம். போதாததற்கு ஏர்கோன் வெளியேற்றும் சூடும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் வந்து விழும். அப்போது முள் அசையவில்லை. சுமையைக் குறைத்த பிறகு ஏறியிருக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் இது நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

ஏர்கோனை அடைத்தபோது அதனோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் நின்றுபோயிருக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்து, மேல் குழாயை அழுத்திப் பார்த்தோம். தளர்ந்திருந்தது, உள்ளே அழுத்தம் இல்லை. பாக்சிக்கே துணியை வைத்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தார். ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருந்தது. கொதித்து வெளியேறியது பாதி, நான் பார்க்காமல் விட்டது பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தேன்: தே தாரிக் இல்லை. நிம்மதி.

பிறகு இன்ஜினைக் கிளப்பி, ஏர்கோன் போடாமல், நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். மேல் குழாய் சூடானது. சிறிது நேரத்தில் கீழ்க் குழாயும் சூடானது. தண்ணீர் சுற்றுகிறது, தெர்மோஸ்டாட் திறக்கிறது, பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். முள் பாதிக்கு வந்தது, பாதியையும் தாண்டியது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி சிலைபோல் நின்றது.

“இப்போது போடு” என்றார் பாக்சிக். ஏர்கோன் பொத்தானைத் தட்டினேன். விசிறி ‘விர்ர்’ என்று சுழன்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கியது. தம்பி கைதட்டினான்.

விளக்கம் எளியது. எங்கள் காரின் விசிறியை ஓடவைக்க இரண்டு வழிகள் உண்டு. ரேடியேட்டரில் பொருத்தியிருக்கும் ஒரு சிறிய சூட்டு சுவிட்ச் ஒன்று. தண்ணீர் சுமார் 90 டிகிரியைத் தாண்டியதும் அது விசிறியைப் போட்டுவிட வேண்டும். அதற்குள் இருப்பது பெரும்பாலும், இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் எல்லாரும் வரைந்த அதே ஈருலோகத் தகடுதான்: சூட்டில் வளைந்து மின்சுற்றை இணைக்கும். இன்னொரு வழி ஏர்கோன். அதைப் போட்டால், தண்ணீர் சூடோ இல்லையோ, விசிறி ஓடும். எங்கள் சுவிட்ச் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் கிள்ளான் வெயிலில் ஏர்கோன் இல்லாமல் யார் கார் ஓட்டுகிறார்கள்? மாதக் கணக்கில் ஏர்கோன் அந்தப் பழுதை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் ஏர்கோனை அடைத்த அன்றுதான் அது வெளியே வந்தது. மீட்டர் முள்ளுக்கு வேறு ஒரு உணரி இருப்பதால், சுவிட்ச் செத்தும் முள் உண்மையைச் சொன்னது. அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

குற்றவாளி சுவிட்ச்தானா, அதற்குப் போகும் வயர்தானா என்று பார்க்க இன்னொரு சோதனை மிச்சம். பாக்சிக் இன்ஜினையும் சாவியையும் அணைக்கச் சொல்லி, சுவிட்சிலிருந்து இரண்டு வயர்கள் கொண்ட இணைப்பை உருவினார். அந்த இரண்டு முனைகளையும் இணைக்கச் சிறிய கம்பி வேண்டும். அம்மா தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தார். மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதைச் செருகினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். விசிறி எந்த நொடியிலும் கிளம்பும், விரல் அங்கே இருக்கக் கூடாது. நான் சாவியை மட்டும் திருப்பினேன். விசிறி ஓடியது. வயர் நல்லது, மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் போய்விட்டது. உடனே ஊசியை எடுத்துவிட்டார். அந்த வழியாக அதிக மின்சாரம் ஓடினால் மெல்லிய ஊசி பழுக்கக் காய்ந்துவிடும்; சோதனைக்குச் சரி, பயணத்துக்கு ஆகாது.

இதைப் படித்துவிட்டு, முள் ஏறினால் ஏர்கோனைப் போட வேண்டும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உண்மையிலேயே ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ ஏர்கோன் நிலைமையை மோசமாக்கும். மாமா சொன்னது பத்துக்கு ஒன்பது கார்களுக்குச் சரியாகவே இருக்கலாம். எங்களுடையது பத்தாவது.

காசு கொடுத்தபோது பாக்சிக் வாங்கவில்லை. அம்மா இரண்டு கட்டு பெத்தாய் வாங்கினார். அதற்கு மட்டும் சரியான விலையை வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து ரிங்லெட் வரை ஏர்கோனைப் போட்டுக்கொண்டே ஏறினோம். அதிலும் ஒரு சிக்கல். வெளியே காற்று குளிரக் குளிர, உள்ளே போதுமான குளிர்ச்சி வந்துவிட்டதென்று ஏர்கோன் கம்ப்ரெசர் தானாக நிற்கும். அது நின்றால் விசிறியும் நின்றுவிடும். ஆகவே குளிர்ச்சியையும் காற்றையும் உச்சத்திலேயே வைத்திருக்க வேண்டும். கேமரன் மலைக் குளிரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பனிப்பெட்டிக்குள் உட்கார்ந்ததுபோல் போனோம். அம்மா பூஜைக்கு வாங்கிய புது வேட்டியைப் பிரித்துப் போர்த்திக்கொண்டார். ஏர்கோனுக்காக அழாத குறையாக வந்த தம்பி பல் கிட்டிக்க, “கொஞ்சம் குறைக்கலாமா?” என்று கேட்டான். முடியாது என்றேன். வளைவுக்கு வளைவு என் கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது பாதிக்குக் கீழேதான் இருந்தது.

பாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கார் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த குளிரில் ஓர் அடி பின்னால் போய், “உங்களுக்கெல்லாம் பைத்தியமா?” என்றார்.

இரவு அப்பா வந்ததும் புட்டி விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், “சுவிட்சு எப்போ போச்சுன்னு எனக்கே தெரியலையே” என்றார். திதி முடிந்து, திங்கட்கிழமை தானா ராத்தாவில் ஒரு பட்டறையில் சுவிட்சை மாற்றினோம். அதைக் கழற்றிய துளை வழியாக வெளியே வந்த தண்ணீர் கோப்பி நிறத்தில் இருந்தது. வருடக் கணக்கில் நாங்கள் கூலண்ட் ஊற்றாமல் வெறும் பைப் தண்ணீர் ஊற்றி வந்ததன் பலன். நம் நாட்டில் தண்ணீர் உறையப் போவதில்லை, கூலண்ட் எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதன் வேலைதான். முழுவதும் கழுவிப் பச்சைக் கூலண்ட் நிரப்பினார்கள். புதிய சுவிட்சின் விலை, அம்மா வாங்கிய இரண்டு கட்டு பெத்தாயைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

திரும்பும் வழியில் லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தினோம். பாக்சிக்கின் கடை அன்று மூடியிருந்தது. தம்பி காரிலிருந்து இறங்கவில்லை. ஏர்கோனை இனி என்ன காரணம் சொன்னாலும் அடைக்கக் கூடாது என்று அப்பாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.